யு பிளஸ் ஏடி

முதலில் ஒரு கணக்கு. கணக்கு என்றதும் விரலால் தள்ளிக்கொண்டு கீழே போகிறவர்களுக்கும் ஒரு பகுதி வைத்திருக்கிறேன், அங்கே சந்திப்போம்.

ஒரு பொருள் ஓய்விலிருந்து நேர்கோட்டில் புறப்படுகிறது. அதன் முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. நேரத்தை 6-ஆல் பெருக்கினால் அந்தக் கணத்தின் முடுக்கம் வரும். ஆரம்பத்தில் பூஜ்யம், ஒரு விநாடியில் 6, இரண்டு விநாடியில் 12. இரண்டாவது விநாடி முடியும்போது அது எவ்வளவு தூரம் போயிருக்கும்?

திருமுல்லைவாயலில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் இதை இருபது விநாடியில் போட்டு முடித்தாள். பதினொன்றாம் வகுப்பு, பியூர் சயின்ஸ் குரூப். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஆபரேட்டர். பத்தாம் வகுப்புக் கணக்கில் 94 வாங்கியவள்.

"டைமுக்கு ரெண்டு போட்டா ஆக்ஸிலரேஷன் பன்னெண்டுண்ணா. எஸ் ஈக்வல் டு யுடி பிளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர். யு ஜீரோ. பாதி இன்ட்டு பன்னெண்டு இன்ட்டு நாலு. இருபத்தி நாலு மீட்டர்."

எங்கேயும் தடுமாறவில்லை. பெருக்கல் சரி, அலகு சரி, ஃபார்முலாவும் ஒரு எழுத்துப் பிசகாமல் சரி. விடை மட்டும் 8.

கொஞ்சம் முன்பின் என்றால் பரவாயில்லை. மூன்று மடங்கு! அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள், பெட்டி கட்டி வைத்திருந்த சமன்பாட்டை விரலால் தொட்டாள். "ஃபார்முலா தப்பாண்ணா?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது சந்தேகம் இல்லை, பயம். அந்த மூன்று பெட்டிகளையும் எடுத்துவிட்டால் அவளிடம் பிசிக்ஸ் என்று ஒன்றுமே மிச்சம் இருக்காது.

அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. ஆனால் அவளைப் போன்ற சில நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாவம் எனக்கு உண்டு. மெக்கானிக்கல் முடித்து வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், 2013-இல் ஆரம்பித்து ஆறு வருஷம், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் நான்தான் பிசிக்ஸ் சார். காலை ஆறு மணி பேட்ச். போர்டில் மூன்று சமன்பாடுகளைப் பெட்டி கட்டி எழுதிவிட்டு, "எல்லாரும் சேர்ந்து" என்பேன். அறுபது தொண்டைகள் ஒன்றாக எழும்பும்: வி ஈக்வல் டு யு பிளஸ் ஏடி. கீழே கடை திறக்க வருகிற மெடிக்கல்காரருக்கே மூன்றும் மனப்பாடம்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். "முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டும்." ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதை எழுதவில்லை. தெரியாமல் இல்லை. எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் "மாறினா என்ன சார் பண்றது?" என்று கேட்பான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல மூன்று வகுப்பு ஆகும். போர்ஷன் முடியாது. போர்ஷன் முடியவில்லை என்றால் ஓனர் கூப்பிட்டனுப்புவார். இவ்வளவுதான் காரணம். இதற்குமேல் பெரிய சதித்திட்டம் ஒன்றும் இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் யாரையெல்லாம் திட்டுகிறேனோ, அந்த வரிசையில் முதல் ஆளாக என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 24 ஏன் தப்பு? பன்னிரண்டு என்பது கடைசிக் கணத்தின் முடுக்கம். அதை முழு இரண்டு விநாடிக்கும் போட்டுவிட்டாள். டிசம்பரில் வாங்கிய சம்பளத்தை ஜனவரியிலிருந்தே வாங்கியதாகக் கணக்கு எழுதுவது மாதிரி. இது புரிந்ததும் அவளே ஒரு திருத்தம் சொன்னாள், புத்திசாலித்தனமான திருத்தம். "அப்போ ஆவரேஜ் எடுத்துக்கலாமா? பூஜ்யத்துல ஆரம்பிச்சு பன்னெண்டுல முடியுது, ஆவரேஜ் ஆறு." போட்டுப் பார்த்தோம். திசைவேகம், ஆறு பெருக்கல் இரண்டு, 12. இது சரியான விடை! முகம் மலர்ந்துவிட்டது. அதே ஆறை வைத்துத் தூரத்தைப் போட்டாள். பாதி, பெருக்கல் ஆறு, பெருக்கல் நாலு. 12 மீட்டர். மறுபடியும் தப்பு.

ஒரே சராசரி. திசைவேகத்துக்குச் சரியாக வருகிறது, தூரத்துக்குத் தப்பாகப் போகிறது. நான் பார்த்தவரையில் பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலில் இதைவிட ருசியான இடம் கிடையாது. ஆறு வருஷமும் இதன் மேலேயே நடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை.

விளக்கம் என்னிடமிருந்து வரவில்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்த அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். நான் சும்மா ஒரு உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் போடுகிறார்கள். ஒருத்தர் மாசம் ஆயிரம் சீராக. இன்னொருத்தர் முதலில் நூறு, இருநூறு என்று ஆரம்பித்து, கடைசி மாதங்களில் மொத்தமாகக் கொட்டுகிறார். வருஷ முடிவில் இரண்டு பேர் போட்ட பணமும் ஒன்றுதான்.

"போட்டது ஒண்ணுதான் தம்பி, ஆனா பின்னாடி போட்டவளுக்கு வட்டி கம்மியால்ல வரும்" என்றார் அவர், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே.

அவ்வளவுதான். மாசாமாசம் போடுகிற பணம் முடுக்கம். கணக்கில் நிற்கிற தொகை திசைவேகம். அந்தத் தொகை எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பார்த்து ஏறுகிற வட்டி, தூரம். மொத்தம் சமமாக இருந்தாலும் எப்போது போட்டோம் என்பதைப் பொறுத்து வட்டி மாறும். நம் பொருள் சோம்பேறித்தனமாகக் கிளம்பிக் கடைசியில்தான் வேகம் பிடிக்கிறது. 12-ஐ எட்டிவிடும், ஆனால் அதற்குள் தூரம் அதிகம் போயிருக்காது. முறையாகச் சொன்னால், முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம், அது நேரத்தின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு. அதை இன்னொரு தடவை தொகையிட்டால் தூரம், நேரத்தின் கனம். இரண்டின் கனம் எட்டு. தொகையீடு என்கிற சொல்லைப் பார்த்து மிரளுகிற பிள்ளைக்கு, அவள் அம்மா மாசாமாசம் செய்கிற வேலை அது என்று யாருமே சொன்னதில்லை.

இப்போது பாடப்புத்தகத்தைத் திட்டப்போகிறேன் என்று நினைத்தால், இல்லை. 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூல் பிரமாதமாகவே முயற்சி செய்திருக்கிறது. இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டர் கூட்டல் கழித்தல் அதிலேயே இருக்கிறது. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் இரண்டுக்கும் அறிமுகம் இருக்கிறது. மூன்று சமன்பாடுகளையும் தொகையிட்டுத்தான் வருவித்துக் காட்டுகிறது. யாருக்கும் அடிப்படை தெரியாது என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது? அந்தப் பக்கங்கள் வந்ததும் பிசிக்ஸ் மிஸ், "இதெல்லாம் மேத்ஸ்ல வரும், விட்டுடுங்க" என்கிறார். மேத்ஸில் எப்போது வரும்? கணிதப் பாடநூலில் வெக்டர் எட்டாவது அத்தியாயம். எல்லையும் வகையீடும் தொகையீடும் ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாமே இரண்டாம் தொகுதி. ஜூலையில் பசித்தவனுக்குத் தையில் பொங்கல். அதுவும் வந்து சேரும்போது மேத்ஸ் சார் சொல்வார், "வெக்டரெல்லாம் பிசிக்ஸ்ல பார்த்திருப்பீங்க, வேகமா போயிடலாம்."

இதாவது மேத்ஸ் குரூப் கதை. கீழ்வீட்டுப் பெண் பியூர் சயின்ஸ். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். அவளுக்கு மேத்ஸ் வகுப்பே கிடையாது. "மேத்ஸ்ல வரும்" என்று அவளிடம் சொல்வது, ஊரில் இல்லாத மாமா வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல்வது. ஆனால் நீட்டில் அவளுக்கும் அதே 45 இயற்பியல் கேள்விதான், 180 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும்.

இங்கே என் பழைய சகாக்கள் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். "180 கேள்விக்கு 180 நிமிஷம்டா. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். இதுல புரிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தா விளங்குமா? டைப் தெரிஞ்சா போதும்." இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் கேள்வி தயாரிக்கிறவருக்கும் டைப் தெரியும் இல்லையா? முடுக்கத்தை நேரத்தின் சார்பாகக் கொடுத்துவிட்டு, நான்கு விடைகளில் ஒன்றாக 24-ஐயும் இன்னொன்றாக 12-ஐயும் வைப்பது அவருக்கு ஒரு நிமிட வேலை. மனப்பாடம் செய்த பிள்ளை நேராகப் போய் அதில் விழும், அதுவும் வேகமாக, தன்னம்பிக்கையோடு. நாம் சொல்லிக்கொடுத்தது நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. தப்பான விடைக்குக் குறுக்குவழி போட்டுக்கொடுத்தது.

பதினொன்றாம் வகுப்பையே தாண்டிக் குதிப்பது நம் ஊர்ப் பழக்கம். ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிற பள்ளிகள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குச் சித்திரவதை என்பதில் எனக்கு மறுப்பில்லை. தேர்வை எடுத்தது தப்பு என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தேர்வு இருந்த வருஷங்களிலும் இயக்கவியலை நாங்கள் மந்திரமாகத்தான் ஓதினோம். இனி மந்திரமாகக்கூட ஓதமாட்டார்கள். பன்னிரண்டில் மாறுதிசை மின்னோட்டம் வரும்போது, மாறுவது என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளை மாறிக்கொண்டே இருக்கிற மின்னோட்டத்தைப் படிக்கும்.

வெக்டர் இன்னும் மோசம். ஒரு பஸ் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வடக்கே போகிறது. ஐந்து விநாடியில் திரும்பி, அதே 10 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. சராசரி முடுக்கம் என்ன? பத்தில் எட்டுப் பேர் பூஜ்யம் என்பார்கள், என் வகுப்பில் பார்த்தவரை. வேகம் மாறவில்லையே, பத்தில் பத்துப் போனால் சைபர். கம்பியைப் பிடிக்காமல் அந்தப் பஸ்ஸில் நின்றவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கிழக்கு அம்பிலிருந்து வடக்கு அம்பைக் கழிக்க வேண்டும். வடக்கைக் கழிப்பது தெற்கைக் கூட்டுவது. கிழக்கே பத்து, தெற்கே பத்து, சேர்ந்தால் தென்கிழக்கே 14.14, ஐந்தால் வகுத்தால் 2.83 மீ/வி². சீரான வட்ட வில்லில் திரும்பியது என்றால், ஒவ்வொரு கணத்திலும் முடுக்கத்தின் அளவு 3.14. ஆமாம், சரியாகப் பை! தற்செயல் இல்லை, கால் வட்டம் என்பதால் வருவது. சராசரி ஏன் அதைவிடக் குறைவு? முடுக்கத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. திரும்ப ஆரம்பிக்கும்போது அந்த அம்பு கிழக்கைக் காட்டும், முடிக்கும்போது தெற்கை. வெவ்வேறு திசை அம்புகளைக் கூட்டினால் கொஞ்சம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆக, "சீரான வட்ட இயக்கம்" என்று நாம் பெயர் வைத்திருப்பதிலும் முடுக்கம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மாறும் முடுக்கம் என்பது ஏதோ ஐ.ஐ.டி.க்காரர்களின் அட்வான்ஸ்டு சமாச்சாரம் இல்லை. மாறாத முடுக்கம்தான் அபூர்வம். அதை விதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊரெங்கும் கிடப்பதை விதிவிலக்காக்கி வைத்திருக்கிறோம்.

பாடி மேம்பாலத்தில் சுற்றி இறங்கும்போது கவனித்திருக்கிறீர்களா? நேர்ச்சாலையிலிருந்து படக்கென்று ஒரு வட்டத்துக்குள் வண்டியைத் தள்ளினால், பக்கவாட்டு முடுக்கம் பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் ஏறிவிடும். அதனால் சாலைப் பொறியாளர்கள் நடுவில் ஒரு வளைவை நுழைக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகிற வளைவு. எவ்வளவு மெதுவாக இறுக வேண்டும் என்பதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதியே வைத்திருக்கிறது: கிலோமீட்டர் வேகத்தோடு 75-ஐக் கூட்டி, அதனால் 80-ஐ வகுக்க வேண்டும். முடுக்கம் ஒரு விநாடியில் அந்த அளவுதான் ஏறலாம். 0.5-க்குக் கீழேயும் போகக்கூடாது, 0.8-க்கு மேலேயும் போகக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர், 60 மீட்டர் ஆரம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டு முடுக்கம் 2.06 வரை ஏற வேண்டும், விநாடிக்கு 0.7 வீதம் ஏறினால் மூன்று விநாடி ஆகும். அதற்குள் வண்டி சுமார் 33 மீட்டர் போய்விடும். அந்த 33 மீட்டர் வளைவு, முடுக்கம் மாறும் வேகத்துக்காக மனிதர்கள் தார் ஊற்றிக் கட்டியது. நாம் அதன் மேல் டியூஷனுக்குப் போய் "முடுக்கம் மாறாது" என்று படித்துவிட்டு அதே வழியில் திரும்பி வருகிறோம்.

இப்போது கீழே வந்தவர்களுக்கான பகுதி. இலக்கிய நண்பர்களே, உங்களைத்தான். "எனக்கெல்லாம் கணக்கு சுத்தமா வராதுங்க" என்று நாம் சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்க்கிறது, கவனித்ததுண்டா? வாசிக்கத் தெரியாது என்று ஒருத்தர் இப்படிச் சொல்லிக்கொள்வாரா? கணக்கு வராதது நுண்ணுணர்வின் அடையாளம் போல ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் பிரபஞ்சம், காலவெளி, குவாண்டம் என்று கவிதையில் மட்டும் தாராளமாகப் புழங்குவோம். பிளாக் ஹோல் வரும், சாய்வு என்றால் என்ன என்று தெரியாது. உங்களில் பலருக்குக் கணக்கு வராமல் இல்லை. பதினாறு வயதில் யாரோ ஒருவர் மூன்று பெட்டிகளைக் கொடுத்து, இதுதான் பிசிக்ஸ் என்றார்; பெட்டிக்கு வெளியே ஒரு கணக்கு வந்ததும் உங்களுக்கு மூளை இல்லை என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். கோபப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

தப்பாகப் போட்டதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை. விழுகிற பொருளின் வேகம், விழுந்த தூரத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்று 1604-இல் பாவ்லோ சார்பிக்குக் கடிதம் எழுதியவர் கலிலியோ. தப்பு. அந்த விதிப்படி பார்த்தால் தூரம் பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம். கையிலிருந்து விட்ட கல் அங்கேயே அந்தரத்தில் நிற்கும், விழவே ஆரம்பிக்காது. வேகம் நேரத்தோடு ஏறுகிறது என்கிற சரியான விதியை அவர் அச்சில் விரிவாக வைத்த புத்தகம் வந்தது 1638-இல். பழைய தப்பையும் மறைக்காமல் அதிலேயே சொல்லியிருக்கிறார். கலிலியோ இத்தனை வருஷம் மல்லுக்கட்டிய இடத்தை நாங்கள் நாற்பது நிமிஷ வகுப்பில், டீ பிரேக்குக்கு முன்னால் முடித்துவிடுவோம்.

கீழ்வீட்டில் அக்டோபரில் ஒரு பேச்சு ஓடியது. காலாண்டில் பிசிக்ஸ் 41. குரூப்பை மாற்றிவிடலாமா என்று. அவள் அப்பா என்னிடம் வந்து, "சார், பாப்பாவுக்கு சயின்ஸ் ஏறாதுன்னு டியூஷன்ல சொல்றாங்க. காமர்ஸ்ல போட்டுடவா?" என்றார். வருஷத்துக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டியிருந்தார், இரண்டு தவணையில். ஒரு மைக்ரான் பிசகினால் உதிரிபாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிஷினில் என்ன செட்டிங் தப்பு என்று முதலில் பார்க்கிற மனிதர். மகள் விஷயத்தில் மட்டும் உதிரிபாகத்தைக் குறை சொல்ல ஒப்புக்கொண்டார். காமர்ஸ் மட்டமில்லை, அவளுக்குப் பிடித்தால் போகட்டும். ஆனால் 24 எழுதியதற்காகப் போகக் கூடாது என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறினேன். ஐந்து ரூபாய் டிக்கெட். போனில் ஃபைஃபாக்ஸ் என்கிற இலவசச் செயலி, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. போனுக்குள் இருக்கிற முடுக்கமானியை வைத்துக் கோடு வரைந்து காட்டும். சீட்டில் போனைப் படுக்க வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திருமுல்லைவாயலில் வண்டி கிளம்பியது. கோடு ஏறியது, கொஞ்ச நேரம் நடுங்கியபடி நின்றது, பிறகு மெதுவாகச் சரிந்தது, பூஜ்யத்தை ஒட்டி ஓடியது, பிரேக் போட்டதும் கீழே இறங்கியது. அம்பத்தூர். அவள் பெட்டியில் இருக்கிற எந்தச் சமன்பாடும் அந்தக் கோட்டுக்குப் பொருந்தாது.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டைக் கட்டம் போட்ட தாளுக்கு மாற்றிக் கட்டங்களை எண்ணினாள். மேலே உள்ள கட்டங்களைக் கூட்டினால் திசைவேகம். மணிக்கு ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்தது. கீழே உள்ளவற்றையும் எண்ணினாள். மேலே எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனை. "நின்ன இடத்துல ஆரம்பிச்சு நின்ன இடத்துல முடிச்சா சமமாத்தானே இருக்கணும்" என்று, யாரும் கேட்காமல், அவளே சொன்னாள். மூன்று கட்டம் உதைத்தது. போன் சாய்ந்திருக்கும் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு கோட்டின் கடைசியில் செங்குத்தாக எழும்பியிருந்த ஒரு கீறலைக் காட்டினாள். வண்டி நிற்கிற அந்தக் கணம். "பிரேக் போடறப்போ முன்னாடி தள்ளுது, சரி. நின்ன உடனே ஏன்ணா எல்லாரும் பின்னாடி சாயறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தம்பி, "அக்கா, பட்டரவாக்கம் வரைக்கும் போய் இன்னொரு தடவை எடு" என்றான். அடுத்த வண்டி வர எட்டு நிமிஷம் இருந்தது.